கைப்பிடிச் சுவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எங்கள் அப்பா காலமாகி இரண்டாவது வருடம். ஒரு நாள் சாயங்காலம், கள்ளந்திரிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி மதுரைக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துப் படியில் வைத்தார். கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு. ஒற்றைச் சலங்கை கோத்திருந்தது, ஈரம் காயவில்லை.

"வக்கீலய்யா, உங்க கெணத்துல விழுந்து என் கன்னுக்குட்டி செத்துப்போச்சு. உழுகுறவரக் கேட்டா, கெணறு அவுகளுதுங்குறாரு. நீங்க அவரக் கேக்கச் சொல்லுவீக. நான் யாரக் கேக்கட்டும்?"

நான் அப்போது பத்து வருடத்துக்கும் மேலாக நிலவழக்கு நடத்திக்கொண்டிருந்தவன். அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மூன்று ஏக்கர் சொச்சம் நிலம், அதன் வடமேற்கு மூலையில் கிணறு. கமலை இறைத்த காலத்துக் கிணறு அது. மேற்குப் பக்கம் வண்டிப்பாதையை ஒட்டிய கைப்பிடிச் சுவர் எட்டு முழ நீளத்துக்கு இடிந்து உள்ளே சரிந்திருந்தது. இடிந்த இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த முள்ளும் காய்ந்து, காற்றுக்கு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. நிலத்தை உழுதவர் எனக்கு மாமா முறை. அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்கிறவர். எழுத்து எதுவும் கிடையாது. அறுவடைக்கு இத்தனை மூட்டை என்று பேச்சு. "மாமா, இந்தச் சுவர நீங்களாவது எடுத்துக் கட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் கல்லு வாங்கிச் சுவரு கட்டுனா, நெலத்துல பாத்தியத கொண்டாட அடிபோடுறான்னு ஊருல சொல்லுவாக. ஒங்க காதுக்கும் அப்படித்தான் வரும். அப்பா இருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன். ஒங்ககிட்ட வந்து சொல்ல எனக்குத் தயக்கமா இருந்துச்சு."

நான் ஏன் கட்டவில்லை? நிலத்தில் நின்று பாடுபடுகிறவர் அவர், கிணற்றுத் தண்ணீரை எடுக்கிறவர் அவர், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். சொந்தம் கொண்டாடுவதாக நினைப்பார்களோ என்று அவர் கட்டவில்லை. சொந்தக்காரன் என்பதையே மறந்து நான் கட்டவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த அந்த எட்டு முழ இடைவெளியில்தான் கன்றுக்குட்டி விழுந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று அந்த வழியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

குத்தகை என்ற சொல்லை நாம் ஒரு பாதி அர்த்தத்தோடுதான் பயன்படுத்துகிறோம். "நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு" என்கிறோம். விட்டது நிலத்தின் அனுபவத்தை மட்டும்தான். பொறுப்பையும் சேர்த்து விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. நம் ஊர் வழக்கத்திலும் ஒரு காலத்தில் இடமிருக்கவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, குத்தகைக்கு விடுகிறவர் கடமையையும் எடுக்கிறவர் கடமையையும் வரிசையாகச் சொல்கிறது. முதலில் வருவது விடுகிறவரின் கடமைதான். எந்தக் காரியத்துக்காக நிலம் குத்தகைக்கு எடுக்கப்படுகிறதோ அதற்குக் கேடான குறை ஒன்று நிலத்தில் இருந்து, அது சொந்தக்காரருக்குத் தெரிந்து, எடுக்கிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், சொந்தக்காரர் அதை வாய்திறந்து சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால், சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக மாறும் என்பது அந்தக் குறை. கூட்டுப்பட்டாவில் பங்காளி வழக்குப் போட்டிருப்பது அந்தக் குறை. மூடாமல் கிடக்கும் பழைய போர்க்குழியும் அந்தக் குறைதான்.

இளம் வழக்கறிஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 117-ஆம் பிரிவு, மாநில அரசு தனியாக அறிவித்தாலொழிய குத்தகை பற்றிய அந்த அத்தியாயம் விவசாயக் குத்தகைக்குப் பொருந்தாது என்கிறது. இதைக் காட்டி, விவசாயக் குத்தகையில் நில உரிமையாளருக்குக் கடமையே கிடையாது என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அது தவறு. பிரிவு அப்படியே பொருந்தாவிட்டாலும் அதிலுள்ள நியாயம் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. உனக்குத் தெரிந்த பள்ளத்தை அடுத்தவனுக்குச் சொல் என்பதற்குச் சட்டப்பிரிவு எண் தேவையில்லை.

உலகம் முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் ரைலண்ட்ஸ், ஃபிளெட்சர் வழக்கைப் படிக்கிறார்கள். 1868-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு. ஆலைக்காரர் ஒருவர் ஒப்பந்தக்காரர்களை வைத்து நீர்த்தேக்கம் ஒன்று கட்டினார். தண்ணீர் அடியிலிருந்த பழைய சுரங்க வழிகளில் இறங்கி, பக்கத்தில் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் இடத்தை மூழ்கடித்தது. கவனக்குறைவு ஒப்பந்தக்காரர்களுடையது, ஆலைக்காரருக்கு அந்த வழிகள் இருப்பதே தெரியாது. ஆனாலும் அவர்தான் நஷ்டம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆபத்தான ஒன்றை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால் அது தப்பிப் போகும்போது பதில் சொல்ல வேண்டியவன் நீ.

இதைப் படிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர், ஆறே வருடம் கழித்து நம் சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கைப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கார்வேட்டிநகர ஜமீன்தாருக்கு எதிராக மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட வழக்கு. பெருமழையில் ஜமீனைச் சேர்ந்த ஏரிகள் உடைந்து, தண்டவாளத்தையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. ரைலண்ட்ஸ் வழக்கின்படி நஷ்டஈடு கொடு என்றது கம்பெனி. 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. காரணம்தான் முக்கியம். இங்கே ஏரி என்பது ஒருவர் தன் லாபத்துக்காகத் தோண்டிக்கொண்டது அல்ல. பழங்காலம் முதல் வருகிற பாசன அமைப்பின் ஓர் உறுப்பு. ஜமீன்தார் விரும்பினாலும் அதை மூடிவிட முடியாது, பராமரிப்பது அவர் கடமை. ஆகவே அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்பதை மட்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் கவனமாகவே இருந்தார் என்று முடிவாகி, வழக்கில் ஜெயித்தார்.

ஜமீன்தார் ஜெயித்ததால் இந்தத் தீர்ப்பை நில உரிமையாளருக்குச் சாதகமானது என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. நிலத்தை வைத்திருப்பது என்றால் ஒரு வேலையை ஏற்றிருப்பது என்று, கடல் கடந்து உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்கும் புரிந்திருக்கிறது. ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அவர் தப்பினார்.

நம் மதுரைச் சமவெளி அந்த வேலையின் மேல் நிற்கிற நிலம். 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். தண்ணீர் திறக்கும் அறிவிப்பில் வருடா வருடம் இந்த எண்களை வாசிக்கிறோம். கால்வாய்த் தண்ணீர் கண்மாயில் விழுந்து, மடை வழியாக வாய்க்காலில் இறங்கி, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகிறது. என் வயலில் நடப்பது என் வயலோடு நிற்காது. நான் குத்தகைக்கு விட்டவர் வாய்க்காலை ஓர் அடி உள்ளே தள்ளி வரப்புப் போட்டால், கடைமடைக்காரர் வயல் காயும். அவர் வந்து என்னைத்தான் கேட்பார், கேட்பது நியாயம். எங்கள் ஊரில் கண்மாய் மராமத்துக்கு ஆள் அனுப்புவதும் பணம் கொடுப்பதும் ஏக்கர் கணக்கில்தான் நடந்தது. ஆளை உழுகிறவர் அனுப்புவார், பணத்தை நிலத்துக்காரர் கொடுப்பார். நிலத்துக்காரர் பம்பாயில் இருந்தாலும் அவர் பங்கு வந்து சேர்ந்துவிடும்.

இப்போது குத்தகைச் சட்டங்களுக்கு வருகிறேன். அவற்றைப் பற்றிய பயத்தில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

1955-இல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திச் சாகுபடி செய்கிற குத்தகைதாரரை, நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. குத்தகை கொடுக்காவிட்டால், நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தால், சாகுபடியைக் கைவிட்டால், விவசாயம் அல்லாத காரியத்துக்கு நிலத்தைத் திருப்பினால், சொந்தக்காரரின் உரிமையையே மறுத்தால் வெளியேற்றலாம். அதையும் வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான் செய்ய வேண்டும். அடுத்த வருடமே நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நஞ்சையில் விளைச்சலில் 40 சதவீதம் நிலத்துக்காரருக்கு என்று முதலில் வைத்து, பிறகு 25 சதவீதமாகக் குறைத்தார்கள். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கான சட்டம் வந்தது. யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார் என்று தாலுகா ஆபீஸில் பதிந்து வைப்பதற்கான சட்டம்.

இந்த மூன்று சட்டங்களும் வந்த காரணத்தை இந்தத் தலைமுறை மறந்துவிடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக உழுதவனை ஒரு சொல்லில் இறக்கிவிட்ட காலம் இருந்தது. களத்துமேட்டில் அளந்து முடித்தபோது உழுதவன் கையில் பதர்தான் மிஞ்சியது. அந்த அநியாயத்துக்குப் பதிலாக வந்த சட்டங்கள் இவை. நான் அவற்றின் பக்கம் நிற்கிறவன்.

ஆனால் சின்ன நிலத்துக்காரரின் பயத்தையும் நான் புறந்தள்ள மாட்டேன். கணவரை இழந்த ஒரு பெண். இரண்டு ஏக்கர் நிலம். மகன் திருப்பூரில் வேலை. குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துவிட்டால் மகள் கல்யாணத்துக்கு விற்க முடியாமல் போய்விடுமே என்று அவர் பயப்படுகிறார். வருவாய் நீதிமன்றத்தில் ஒரு மனு எத்தனை வருடம் கிடக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதாமல் விடுகிறார். அல்லது 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதம் என்று எழுதி வாங்கி பீரோவில் வைக்கிறார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் இந்த 11 மாதம். வருடா வருடம் ஆளையும் மாற்றுகிறார். உழுகிறவருக்கும் எழுத்து வேண்டாம் என்றாகிவிட்டது. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது.

இதில் நிலத்துக்காரர் ஜெயித்ததாக நினைக்கிறார். அவர் இழந்தது என்ன என்று பாருங்கள். கிராமக் கணக்கான அடங்கலில் சாகுபடி செய்கிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரே இருக்கிறது. அப்படியானால் அந்த நிலத்தில் நடக்கும் எல்லாவற்றையும் செய்கிறவர், ஏட்டின்படி, அவர்தான்.

காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, பம்புசெட்டிலிருந்து கரண்டு கொடுக்கும் கொடுமை நம் மாவட்டத்து மலையடிவாரங்களில் நடக்கிறது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவரோ, விடியற்காலையில் மாடு தேடிப் போனவரோ கம்பியில் பட்டுச் சாகிறார். இலவச மின்சார இணைப்பு பட்டாதாரர் பேரில் இருக்கிறது. அடங்கலிலும் அவர் பேர். "நான் மதுரையில் இருந்தேன், கம்பி கட்டியது குத்தகைக்காரர்" என்று அவர் சொன்னால், குத்தகை எங்கே என்று போலீஸ் கேட்கும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 வருடம் வரை தண்டனை உண்டு. பழைய சட்டத்தில் அது 2 வருடமாக இருந்தது. குத்தகைக்காரருக்குப் பாத்தியதை வந்துவிடும் என்று எழுதாமல் விட்ட அந்தத் தாள்தான் அன்றைக்கு அவருக்குத் துணை நின்றிருக்கும்.

போர்க்குழியைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019 அக்டோபரில், மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே தூங்கவில்லை. குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. அப்படி ஒன்று நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 2010-இல், உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. போர் போடுவதற்கு 15 நாளைக்கு முன் நில உரிமையாளர் அதிகாரிகளுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் வேலி வேண்டும், அறிவிப்புப் பலகை வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். எழுதிக்கொடுக்கச் சொன்னது நில உரிமையாளரை என்பதைக் கவனியுங்கள்.

குத்தகை நிலத்தில் இது எப்படித் தவறுகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உழுகிறவர் கடன் வாங்கிப் போர் போடுகிறார். 600 அடி போய்ப் புகைதான் வருகிறது. போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்று கேசிங் பைப்பை உருவி எடுத்துவிடுகிறார். பைப் இருந்தவரை தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியும். உருவியதும் தரையோடு தரையாக ஒரு வாய் மட்டும் இருக்கிறது. அதன் மேல் ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். அடுத்த போகத்துக்கு நிலம் வேறொருவர் கைக்குப் போகிறது. புதிதாக வந்தவருக்கு அந்தச் சாக்கைத் தெரியாது. நிலத்துக்காரருக்கு அங்கே போர் போட்டதே தெரியாது. ஆகவே உங்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது: நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு தரம் நான்கு வரப்பையும் நடந்து பாருங்கள். மூட்டையை எண்ணுவதற்காகப் போகாதீர்கள். தரையைப் பார்ப்பதற்காகப் போங்கள்.

நல்ல குத்தகை எப்படி இருக்கும் என்று கேட்டால் சோழவந்தான் பக்கம் கொடிக்காலைக் காட்டுவேன். அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். கொடிக்கால் போடுகிறவர்களில் நிறையப் பேர் குத்தகை நிலத்தில்தான் போடுகிறார்கள். அகத்தி ஊன்றி, அது வளர்ந்து நிழல் கொடுத்து, கொடி பற்றி ஏறி, இலை கிள்ளும் பருவம் வருவதற்குள் கைக்காசு முழுக்க மண்ணுக்குள் போயிருக்கும். பாதியில் எழுந்திரு என்று சொல்ல முடியாத பயிர். அதனால் பேச்சே வருடங்களுக்குச் சேர்த்துத்தான் நடக்கும். தண்ணீர் எந்த வாய்க்காலில் வரும், கிணறு வற்றினால் யார் தூர் எடுப்பது, காலம் முடிந்ததும் அகத்தி யாருக்கு என்பதுவரை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள். நெல்லுக்கு மட்டும் நாம் இந்தப் பேச்சைப் பேசாமல் விட்டோம்.

கோயில் நிலத்தைப் பற்றி அதிகம் பேச இன்று நேரமில்லை. 1959-ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. சாமிதான் சொந்தக்காரர் என்பதால் கோயில் கிணற்றுக்குச் சுவர் கட்ட யாரும் வேண்டாம் என்று ஆகிவிடாது, அவ்வளவுதான் சொல்வேன்.

இனி மேலூர். இந்த மேடையில் மேலூரைப் பேசாமல் போனால் நான் பொய்யன்.

கீழவளவு, கீழையூர் பக்கம் பாறையும் வயலும் அடுத்தடுத்து இருக்கும். அங்கே கிடைத்த வெள்ளைக் கிரானைட்டை வெளிநாட்டுக்காரர்கள் காஷ்மீர் ஒயிட் என்று பெயர் சொல்லி வாங்கினார்கள். பட்டா நிலத்தில் கல் எடுக்க அரசு குத்தகை வேண்டும். நிலம் வேறொருவருடையது என்றால் அவருடைய சம்மதப் பத்திரமும் வேண்டும். அந்தச் சம்மதங்கள் கையெழுத்தாயின. பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். 2012 மே மாதம் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம், 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ரா காலத்தில் குவாரி குவாரியாக அளந்தார்கள். 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது.

கோடிகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் கண்மாயைப் பற்றிப் பேசுகிறேன். எடுத்த கல்லைவிடக் கழித்த கல் பல மடங்கு. அந்தக் கழிவு வாய்க்காலிலும் ஊருணியிலும் கண்மாய் உள்வாயிலும் கொட்டப்பட்டது. மேலே ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட்ட நிலத்திலிருந்து புறப்பட்ட கல், கையெழுத்தே போடாத பத்துப் பேருடைய தண்ணீரை மறித்தது. அந்தப் பத்துப் பேரும் பிறகு பயிர் வைக்க முடியாமல் நிலத்தை விற்றார்கள், கிடைத்த விலைக்கு. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் ஏழைகள், மிரட்டலுக்கு ஆளானவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் பழிபோட எனக்கு மனம் வராது. ஆனால் வசதியாக இருந்துகொண்டு, வருடாந்திரப் பணத்தை வாங்கிக்கொண்டு, குழி எவ்வளவு ஆழம் போனது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். குத்தகை எடுத்தவர் புதிதாகக் குவாரி தோண்டக் கூடாது என்பது 1882 முதல் சட்டம். தோண்ட அனுமதித்தது என் கையெழுத்து என்றால், குழியில் தேங்கிய தண்ணீரில் ஊர்ப் பிள்ளை மூழ்கும்போது, கையெழுத்துப் போட்டவன் எங்கே என்று கேட்க அந்த ஊருக்கு உரிமை உண்டு.

அந்த மண்ணிலேயே பிறகு வேறொன்றும் நடந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அதையும் ஒரு பகுதியாக உள்ளடக்கி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் மதுரைக்கு நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கூட்டத்தில் வந்தவர்களோடு நானும் பேசினேன். என் நிலத்துக்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்கிறவரை நான் பார்க்கவில்லை. கண்மாய் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். கிரானைட் காலத்தில் பட்ட பாடு அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எம். கிசான் என்று 2019 முதல் வருடத்துக்கு 6,000 ரூபாய் வருகிறது. பட்டாதாரருக்குத்தான் வரும், குத்தகைக்காரருக்கு வராது. அது அரசு செய்த ஏற்பாடு, இருக்கட்டும். ஆனால் மழையில் பயிர் மூழ்கி, நிவாரணம் அடங்கல்படி உங்கள் கணக்கில் விழும்போது, மூழ்கியது உங்கள் பயிரா? நாற்று வாங்கியவர், களை எடுத்தவர், உரக்கடையில் கடன் சொன்னவர் வேறொருவர். அந்தப் பணத்தை எடுத்து அவர் கையில் கொடுக்காதவரை எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை. அதனாலேயே இங்கே சொல்கிறேன்: அது அடுத்தவர் காசு. பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம், ஆனால் அவர் உழுகிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சான்று ஒரு நாளில் கிடைக்கும். சொல்ல மறுக்கிறோம், மறுபடியும் அதே பயம்.

பயத்துக்கு வழி இல்லாமல் இல்லை. நிதி ஆயோக்குக்காக டி. ஹக் தலைமையிலான குழு 2016-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. நிலம் சொந்தக்காரருடையதாகவே இருக்கும், குத்தகைக் காலம் உறுதியாக இருக்கும், கடனும் காப்பீடும் உழுகிறவருக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆந்திராவில் 2019-இல் சட்டம் செய்து 11 மாத அட்டை கொடுத்தார்கள். அங்கேயும் நிலத்துக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். நம் மாநிலம் 1955 சட்டத்தின் பாதுகாப்பைக் கைவிடாமல், சிறு நிலத்துக்காரருக்குக் காலவரை உள்ள எழுத்துக் குத்தகைக்கு வழி செய்ய வேண்டும். வருவாய் நீதிமன்றங்களில் ஆளும் நாளும் கூட்ட வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. உட்கார்ந்து எழுதுவது.

நான் எழுதினேன். கன்றுக்குட்டிக்கு அந்த அம்மா கேட்ட தொகையைக் கொடுத்தேன்; கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். கொத்தனாரை வைத்துச் சுவரை எடுத்துக் கட்டினேன். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, எழுதிப் பதிந்துகொள்ளலாம் என்றேன். என் சித்தப்பா, "வக்கீலா இருந்துக்கிட்டே நெலத்தத் தூக்கிக் குடுக்குறியே" என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மாமாவும் முதலில் நம்பவில்லை. எழுத்து என்றதும், தன்னை எழுப்பிவிடப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

மேலூர் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவருக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். கிணற்றுச் சுவர், மோட்டார் கொட்டகை, மேற்குப் பாதை வேலி நிலத்துக்காரர் பொறுப்பு. வரப்பு, வாய்க்கால் உழுகிறவர் பொறுப்பு. போர் போடுவதானால் இருவரும் சேர்ந்து எழுதிக்கொடுப்பது. தண்ணீர் வராவிட்டால் கேசிங்கை எடுக்காமல் மூடுவது, மூடும் செலவு நிலத்துக்காரருடையது. கம்பியில் கரண்டு விடக் கூடாது. நிவாரணம் யார் கணக்கில் வந்தாலும் பயிர் செய்தவருக்கு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "ஒண்ணு விட்டுப் போச்சு தம்பி" என்றார்.

"என்ன மாமா?"

"கம்மா மராமத்துக்கு ஆளு நான் அனுப்புறேன். பணம் ஒங்க அப்பா குடுப்பாரு. அவரு போனதுக்கப்பறம் ரெண்டு வருசமா நாந்தான் சேத்துக் கட்டுறேன். அதையும் எழுதிருங்க."

அந்த இரண்டு வருடக் காசை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, பத்திரத்தின் அடியில் அந்த வரியைச் சேர்த்து எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.